ஒரு டிகிரி கூடினால் வயலுக்கு என்ன ஆகும்?

தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. 2024-ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்தால் அது 1.5 டிகிரியையே தாண்டிவிட்டது. இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கும் வரும் சந்தேகம் நியாயமானது. விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் நடுவிலேயே பத்து டிகிரி ஏறுகிறது. அதைத் தினமும் தாங்கிக்கொண்டு நிற்கும் பயிர், ஒரு டிகிரிக்கா வாடிவிடும்?

எந்தப் பயிரும் சராசரியில் வளர்வதில்லை என்பதுதான் இதற்குப் பதில். முளைக்கும் வாரம், பூக்கும் வாரம், மணி பால் பிடிக்கும் வாரம் என்று ஒவ்வொரு பயிருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வெயில் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. அதேபோல ஒவ்வொரு விவசாயப் பகுதியும் அங்குள்ள வானிலையின் ஏதோ ஓர் ஒழுங்கை நம்பித்தான் உருவானது. ஓரிடத்தில் அது மழை தொடங்கும் வாரம். இன்னோரிடத்தில் மலைப்பனி உருகும் மாதம். வேறோரிடத்தில் குளிர்காலத்தின் நீளம். எந்த இடத்தில் எந்த ஒழுங்கு கலைகிறது என்று பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். ‘உலக விளைச்சல் இத்தனை சதவீதம் குறையும்’ என்ற ஒற்றை வரியில் அது தெரியாது.

பூக்கும் நேரத்து வெயில்

சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே, கடுமையான நாட்களின் எண்ணிக்கை நிறைய கூடிவிடும். ஐநாவின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி இதைக் கணக்கிட்டிருக்கிறது. முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், ஒரு டிகிரி கூடிய உலகில் சுமார் 2.8 மடங்கு அடிக்கடி வரும். ஒன்றரை டிகிரி கூடினால் 4 மடங்குக்கும் சற்று மேல். அப்படி ஒரு வெப்பம் பயிரின் எந்தப் பருவத்தில் வந்து விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நெற்பூவைக் கிட்டத்தில் பார்த்தால் இது நன்றாகப் புரியும். நெற்கதிரில் ஒவ்வொரு மணியும் முதலில் ஒரு பூ. பெரும்பாலான ரகங்களில் அது காலையில், ஏறுவெயிலில் திறக்கும். உமியின் இரண்டு பாதிகளும் லேசாக விலகும், மகரந்தப் பைகள் வெளியே தலைநீட்டும், தூள் சூல்முடியில் விழும், உமி மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு பூவுக்கு இந்த வேலை முழுவதும் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, விழுந்த தூளும் சரியாக முளைக்காது. கரு கூடாத பூ பதராகிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும். தண்ணீர், உரம், மருந்து எல்லாம் சரியாகப் போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து, மணி பிடித்துத் தலைசாய வேண்டிய கதிர்கள் விறைப்பாக நிமிர்ந்தே நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் செலவு முழுவதும் நிலத்தில் இறங்கியிருக்கும்.

பகல் வெப்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இரவு வெப்பத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. செடி பகலில் சம்பாதித்த சர்க்கரையில் ஒரு பகுதியை இரவில் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது. இரவு வெப்பமாக இருந்தால் அந்தச் செலவு கூடும், மணிக்குப் போய்ச் சேருவது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் பண்ணையின் பல ஆண்டுப் பதிவுகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1979-க்கும் 2003-க்கும் இடையில் அங்கே இரவு வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைவதாக அந்தப் பதிவுகள் காட்டின. நம்மை வியர்க்க வைக்கும் புழுக்கமான இரவு, வயலில் மணியின் எடையையும் குறைத்துக்கொண்டிருக்கிறது.

கோதுமையின் பலவீனம் வேறு இடத்தில். கங்கைச் சமவெளியில் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கிறார்கள். மார்ச் மாதம் மணி திரளும் காலம். அப்போது குளிர் மெதுவாக விலக வேண்டும், அப்போதுதான் மணி நிதானமாக நிரம்பும். 2022-இல் இந்தியாவில் 1901 முதலான பதிவுகளிலேயே மிக வெப்பமான மார்ச் வந்தது. பயிர் அவசரமாக முற்றியது, மணிகள் சுருங்கின. அந்த ஆண்டு மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

மக்காச்சோளத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அமெரிக்காவில் மாவட்டவாரியான விளைச்சலையும் அன்றாட வெப்பத்தையும் பொருத்திப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், மக்காச்சோளத்துக்கு 29 டிகிரி, சோயாவுக்கு 30, பருத்திக்கு 32 என்ற எல்லைகள் தெரியவந்தன. அதுவரை வெப்பம் ஏற ஏற விளைச்சல் மெதுவாகக் கூடுகிறது, எல்லையைத் தாண்டியதும் சரசரவென்று இறங்குகிறது. ஏற்றம் மெதுவாகவும் இறக்கம் செங்குத்தாகவும் இருப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு பருவத்தில் பத்து நாட்கள் எல்லையைத் தாண்டினால், மீதி நாட்கள் எவ்வளவு இதமாக இருந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஒரு மதிப்பீடு, உலக வெப்பம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் மக்காச்சோளம் சுமார் 7, கோதுமை 6, நெல்லும் சோயாவும் தலா 3 சதவீதம் குறையும் என்கிறது. பயனுள்ள எண்கள்தான். ஆனால் யாரும் உலக சராசரியை அறுவடை செய்வதில்லை. அந்த 3 சதவீதத்துக்குள் ஒன்றுமே இழக்காத குளிர்ப் பிரதேசமும் இருக்கிறது, பாதியை இழந்த வெப்பப் பிரதேசமும் இருக்கிறது.

மழையை நம்பிய நிலங்கள்

உலகின் விளைநிலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மானாவாரி. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இது 95 சதவீதத்தை ஒட்டி வரும். அங்கே கிணறும் வாய்க்காலும் கிடையாது, மழைதான் எல்லாம்.

வெப்பம் மழையை எப்படி மாற்றுகிறது? ஒரு டிகிரி சூடான காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்துவைக்கும். இதற்கு இரண்டு விளைவுகள். மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் அதே காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் முன்பைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆண்டின் மொத்த மழை அளவு மாறாமலே இருக்கலாம். மழைமானியில் பார்த்தால் ‘இயல்பான ஆண்டு’ என்றுகூட வரும். ஆனால் அந்த மழை நாலே நாளில் கொட்டி ஓடிவிட்டு, நடுவில் மூன்று வாரம் காய்ந்தால் பயிருக்கு அது பஞ்ச ஆண்டுதான். கொட்டும் மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல், மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சஹாராவின் தெற்கு விளிம்பில் கிழக்கு மேற்காக நீளும் சாஹேல் பகுதியில் மழைக்காலம் சுமார் மூன்று நான்கு மாதங்கள்தான். கம்பு, சோளம், தட்டைப்பயறு எல்லாம் அதற்குள் விளைந்தாக வேண்டும். எனவே முதல் நல்ல மழை விழுந்ததும் விதைத்துவிடுவார்கள், ஒரு வாரம் தாமதித்தாலும் கடைசியில் ஈரம் போதாது. முதல் மழை விழுகிறது, விதைக்கிறார்கள், முளைக்கிறது. அப்புறம் இரண்டு வாரம் வானம் வெறித்துக் கிடக்கிறது. விரல் உயர நாற்று கருகிவிடுகிறது. மறுபடி விதைக்க வேண்டும். விதைக்கென்று வைத்திருந்தது தீர்ந்துபோனால், சாப்பிட வைத்திருந்த தானியத்தில் கைவைக்க வேண்டியதுதான். இப்படி மழை வந்ததுபோல் வந்து ஏமாற்றுவது அங்கே புதிதல்ல. ஆனால் இடைவெளி நீண்டு, வெப்பமும் கூடியிருக்கும்போது மண்ணில் தங்கிய கொஞ்சநஞ்ச ஈரம் பல நாட்கள் முன்னதாகவே போய்விடுகிறது.

ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் சோமாலியா, எத்தியோப்பியாவின் தென்பகுதி, கென்யாவின் வடபகுதி ஆகிய இடங்களில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள். 2020 இறுதியிலிருந்து 2022 இறுதிவரை அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. ஒன்று பொய்த்தால் சமாளிக்கலாம், இரண்டு பொய்த்தால் ஆடுமாடுகளை விற்கலாம். ஐந்துக்கு எந்தக் குடும்பத்திடமும் சேமிப்பு இருக்காது. அதற்குப் பிறகு 2023 கடைசியில் அதே பகுதியில் பெருவெள்ளம் வந்தது. காய்ந்து இறுகிய மண் தண்ணீரை உள்ளே வாங்காது என்பதால் வெள்ளத்தின் சேதமும் கூடியது.

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா முதல் நிகரகுவா வரை ஓடும் ஒரு நிலப்பட்டைக்கு ‘உலர் தாழ்வாரம்’ என்றே பெயர். அங்கே மழைக்காலத்தின் நடுவில், ஜூலை ஆகஸ்ட்டில், சில வாரம் மழை ஓய்வது வழக்கம். விவசாயிகள் அந்த ஓய்வையும் கணக்கில் வைத்துத்தான் மக்காச்சோளமும் பீன்ஸும் விதைக்கிறார்கள். அந்த இடைவெளி நீளும் ஆண்டுகளில் மக்காச்சோளம் பூக்கும் நேரம் சரியாக வறட்சியில் போய் மாட்டுகிறது. கதிர் வருகிறது, மணி வருவதில்லை. அந்த மலைக்கிராமங்களிலிருந்து வடக்கு நோக்கி மக்கள் கிளம்புவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

2022-இல் பாகிஸ்தானில் நடந்தது இன்னொரு வகை. வசந்தகாலத்தில் வெப்ப அலை வந்து கோதுமையை வாட்டியது. பிறகு பருவமழை வழக்கத்தைவிடப் பல மடங்கு பெய்து, சிந்து மாகாணத்தில் பருத்தியையும் நெல்லையும் மூழ்கடித்தது. வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பல இடங்களில் தண்ணீர் மாதக்கணக்கில் வடியவே இல்லை, அதனால் குளிர்காலக் கோதுமை விதைப்பும் தள்ளிப்போனது. ஒரே ஆண்டில் மூன்று அறுவடைகளுக்கு அடி. பேரிடர்ச் செய்திகள் வெள்ளம் வடிந்ததும் நின்றுவிடுகின்றன. விவசாயியின் இழப்பு அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பருவங்களுக்குத் தொடர்கிறது.

மலைப்பனியும் கடல் உப்பும்

சிந்து நதிப் பாசனம், மத்திய ஆசியாவின் அமு தாரியா, சிர் தாரியா சமவெளிகள், ஆண்டிஸ் மலையடிவாரம் ஆகிய இடங்களில் வயலுக்கு வரும் தண்ணீரில் கணிசமான பங்கு பனி உருகி வருவது. குளிர்காலத்தில் விழுந்த பனி மலையில் தங்கி, கோடையில் பயிருக்குத் தேவையான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும். இந்த வசதிக்கு யாரும் அணை கட்டவில்லை, இயற்கையே செய்து வைத்திருந்தது.

வெப்பம் கூடும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. குளிர்காலத்தில் பனியாக விழ வேண்டியது மழையாகப் பெய்து உடனே ஓடிவிடுகிறது. விழுந்த பனியும் முன்கூட்டியே உருகிவிடுகிறது. ஆக வெள்ளம் வசந்தத்தில், வறட்சி கோடையில். பனிப்பாறைகளின் விஷயத்தில் ஒரு மயக்கமும் உண்டு. அவை உருகும் ஆரம்ப காலத்தில் ஆற்றில் தண்ணீர் கூடும். ‘எங்கள் ஆற்றில் குறையவே இல்லையே’ என்று தோன்றும். ஓர் உச்சத்தைத் தொட்ட பிறகு, உருகுவதற்கு மேலே பனி குறைந்துபோய், தண்ணீர் ஆண்டுக்காண்டு இறங்கத் தொடங்கும். ஆண்டிஸ் மலையின் சிறிய பனிப்பாறைகள் பலவற்றில் அந்த உச்சம் ஏற்கெனவே கடந்துவிட்டது. கூடுதல் தண்ணீரைப் பார்த்துப் பாசனப் பரப்பை விரித்த பகுதிகளுக்கு இது மிகவும் ஆபத்தான நிலை.

ஆறு மறுமுனையில் கடலில் சேரும் டெல்டாக்களுக்கு வேறு கவலை. வியட்நாமின் மீகாங் டெல்டா அந்த நாட்டின் நெல்லில் பாதிக்கு மேல் விளைவிக்கிறது. நிலம் கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர்தான் உயரம். வறண்ட மாதங்களில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடல்நீர் கால்வாய்கள் வழியே உள்ளே ஏறும். 2016-இலும் 2020-இலும் உப்புநீர் வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே வந்து பெருமளவு நெல்லைக் கெடுத்தது. உப்பு சேர்ந்த மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. நீரில் நின்றபடியே பயிர் காய்ந்துபோகும்.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மீகாங்கில் நடப்பதற்குக் கடல் மட்டம் உயர்வது மட்டும் காரணமல்ல. மேலே கட்டிய அணைகள் வண்டலைத் தடுக்கின்றன, ஆற்று மணலை அள்ளுகிறார்கள், நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் நிலமே கீழே அமிழ்கிறது. பருவநிலை மாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஏற்கெனவே நாம் பலவீனப்படுத்தி வைத்த இடத்தில் வந்து அழுத்துகிறது. எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட்டுவிட்டால், நம் கையில் இருக்கும் தீர்வுகளையும் விட்டுவிடுவோம். அங்கே பல விவசாயிகள் மழைக்காலத்தில் நெல், உப்பேறும் வறண்ட காலத்தில் அதே வயலில் இறால் என்று மாறியிருக்கிறார்கள்.

குளிர் போதாமல் கெடும் பயிர்கள்

வெப்பத்தின் கேடு வெயிலில் மட்டும்தான் வரும் என்று நினைத்தால், மிதவெப்பப் பகுதிகளின் பழத்தோட்டங்கள் அந்த எண்ணத்தை மாற்றிவிடும். பீச், செர்ரி, ஆப்பிள், பாதாம் போன்ற மரங்கள் குளிர்காலத்தில் உறங்குகின்றன. சுமார் 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் குளிர் அனுபவித்த பிறகுதான் அவற்றின் மொட்டு சரியாக விழிக்கும். ரகத்துக்கு ரகம் இது சில நூறு மணி நேரத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை போகும். குளிர்காலம் இதமாக இருந்துவிட்டால் மொட்டுகள் அரைகுறையாக, வெவ்வேறு நாட்களில் விழிக்கும். பூ ஒத்துவராது, காய் பிடிக்காது.

இன்னொரு பொறி, உறைபனி. வெப்பமடையும் உலகில் உறைபனிச் சேதம் ஏன் கூட வேண்டும் என்று கேட்கலாம். பிரான்சில் 2021 மார்ச் கடைசியில் கோடை போலச் சூடு வந்தது. திராட்சைக் கொடிகள் தளிர்விட்டன. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. தோட்டங்களில் ஆயிரக்கணக்கான மெழுகுச் சட்டிகளை இரவெல்லாம் ஏற்றிவைத்தும் பெரும்பாலான பகுதிகளில் தளிர்கள் கருகின. அந்த உறைபனி பழைய காலத்திலும் வந்திருக்கும். ஆனால் அப்போது கொடி இன்னும் உறங்கிக்கொண்டிருந்திருக்கும், சேதம் இருந்திருக்காது. 2023-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தன் பீச் விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்ததற்கும் இதே இரட்டைக் காரணம்தான். முதலில் குளிர் போதவில்லை. பிறகு சீக்கிரம் பூத்ததன் மேல் பனி விழுந்தது.

மரப்பயிர்களின் பெரிய சிக்கல், அவற்றை அடுத்த பருவத்தில் மாற்ற முடியாது என்பது. ஸ்பெயினில் 2022-23 பருவத்தில் வறட்சியும் பூக்கும் கால வெப்பமும் சேர்ந்து ஆலிவ் எண்ணெய் உற்பத்தியை ஏறக்குறைய பாதியாக்கின. உலகின் மிகப்பெரிய உற்பத்தியாளர் அந்த நாடு. அராபிக்கா காபிக்கு 18 முதல் 22 டிகிரி வரையிலான இதமான மலைக்காற்று வேண்டும். சூடு ஏறினால் மேலே போக வேண்டும். மேலே போகப் போக மலை குறுகும், காடு குறுக்கே நிற்கும். 2012-13-இல் மத்திய அமெரிக்காவின் காபித் தோட்டங்களைத் துருநோய் வாரிக்கொண்டு போனபோது, முன்பு குளிர் காரணமாகத் தப்பித்த உயரமான தோட்டங்களும் மாட்டிக்கொண்டன.

பூச்சிகளுக்கும் இதில் லாபம் இருக்கிறது. சூடு கூடினால் அவை வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும். குளிர்காலம் கடுமையாக இருந்தால் செத்துப்போகும் பூச்சிகளில் இப்போது நிறைய பிழைத்துக்கொள்கின்றன.

வடக்கே லாபம் உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் ரஷ்யாவின் வடபகுதியிலும் பயிர்க்காலம் நீள்கிறது. இங்கிலாந்தின் தெற்கே திராட்சைத் தோட்டங்கள் பெருகியிருக்கின்றன. ஆனால் கோதுமை விளையும் கருப்பு மண் தெற்கில் இருக்கிறது. வடக்கே போகப் போக மண் அமிலத்தன்மையோடும் சத்துக்குறைவோடும், பல இடங்களில் சதுப்பாகவும் இருக்கும். வெப்பத்தை நகர்த்துவதுபோல மண்ணை நகர்த்த முடியாது. அந்த நாடுகளுக்கே உத்தரவாதமும் இல்லை. 2010-இல் ரஷ்யாவை வாட்டிய வெப்பமும் வறட்சியும் அதன் கோதுமை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை அழித்தன, ஆகஸ்டில் ஏற்றுமதி நின்றது. 2021 வறட்சியில் கனடாவின் கோதுமையும் கடுமையாகச் சரிந்தது.

கரியமில வாயு கூடினால் செடி நன்றாக வளருமே என்ற வாதமும் அடிக்கடி வரும். அதில் உண்மை இருக்கிறது. நெல், கோதுமை, சோயா போன்றவை கூடுதல் கரியமில வாயுவில் வேகமாக வளர்கின்றன, தண்ணீரையும் சற்றுச் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன. மக்காச்சோளம், சோளம், கம்பு, கரும்பு ஆகியவற்றின் ஒளிச்சேர்க்கை முறை வேறு, அவற்றுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. வறட்சியான ஆப்பிரிக்காவின் முக்கிய உணவு இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. பயன்பெறும் பயிர்களிலும் ஒரு குறை. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்பார்க்கப்படும் கரியமில வாயு அளவைத் திறந்த வயலிலேயே செலுத்தி வளர்த்துப் பார்த்த சோதனைகளில், நெல்லிலும் கோதுமையிலும் துத்தநாகம், இரும்பு, புரதம் ஆகியவை குறைந்தன. துத்தநாகமும் இரும்பும் பெரும்பாலும் 3 முதல் 10 சதவீதம் வரை. மூட்டைக் கணக்கில் விளைச்சல் குறையாமல் இருக்கலாம். தினமும் ஒரே தானியத்தைச் சாப்பிட்டு வாழும் ஏழைக் குழந்தைக்கு அந்த 10 சதவீதம் சின்ன விஷயமல்ல.

வயலில் வேலை செய்பவர்களையும் நாம் மறந்துவிடுகிறோம். வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்ந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. களை எடுப்பதும் அறுவடை செய்வதும் தள்ளிப்போட முடியாத வேலைகள். தெற்காசியாவிலும் வளைகுடாவை ஒட்டிய பகுதிகளிலும் கோடையின் பல நாட்களில் நண்பகல் வேலை இப்போதே உயிருக்கு ஆபத்தானது. பயிர் பிழைத்தாலும் அதை அறுக்க ஆள் நிற்க முடியாத நிலையை எந்த விளைச்சல் கணக்கும் காட்டாது.

ஓர் இடத்துச் சேதம் இன்னோர் இடத்துத் தட்டில்

உலகச் சந்தைக்கு வரும் கோதுமை, மக்காச்சோளம், நெல், சோயா ஆகியவை பெரும்பாலும் ஒரு சில பகுதிகளிலிருந்தே வருகின்றன. ஒரு பகுதி தவறினால் இன்னொன்று ஈடுகட்டும் என்பதுதான் இத்தனை காலம் இருந்த நம்பிக்கை. ஒரே ஆண்டில் இரண்டு மூன்று பகுதிகள் சேர்ந்து தவறும் வாய்ப்பு வெப்பத்தோடு கூடுகிறது. அப்போது ஒவ்வொரு நாடும் முதலில் தன் கதவை மூடும். ரஷ்யா 2010-இல் செய்தது, இந்தியா 2022-இல் கோதுமைக்கும் 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் செய்தது. உள்நாட்டு விலையைக் காக்க அரசுகள் அப்படிச் செய்வது புரிகிறது. ஆனால் தானியத்தை இறக்குமதி செய்தே சாப்பிடும் ஏழை நாடுகள் அதன் விலையைக் கொடுக்கின்றன. வளிமண்டலத்தில் சேர்ந்த கரியமில வாயுவில் அந்த நாடுகளின் பங்கு மிக மிகக் குறைவு. இந்த விஷயத்தில் எனக்கு ஆறவே ஆறாத பகுதி இதுதான்.

என்ன செய்ய முடிகிறது?

நிறையவே. வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கும் ‘ஸ்வர்ணா சப்1’ நெல் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. அதற்கான மரபணு ஒடிசாவின் ஒரு பழைய ரகத்திலிருந்து வந்தது. விளைச்சல் குறைவு என்று கைவிடப்படும் நாட்டு ரகங்களை ஏன் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன்பே, அதிகாலையிலேயே பூவைத் திறக்கும் தன்மையை ஒரு காட்டு நெல்லிலிருந்து எடுத்துச் சாகுபடி ரகங்களில் சேர்க்கும் வேலையும் நடக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் விதைகளைவிட மண்ணில்தான் பெரிய மாற்றம் நடந்தது. புர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி, ‘ஜாய்’ என்ற பழைய குழி முறையை 1980-களில் மேம்படுத்தினார். கோடையிலேயே இறுகிய நிலத்தில் ஓரிரு சாண் அகலக் குழிகளைத் தோண்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாணமும் மக்கிய இலையும் போட வேண்டும். கரையான்கள் அதைத் தேடி வந்து மண்ணுக்குள் துளைகள் போடும். முதல் மழை ஓடிப்போகாமல் குழிக்குள் இறங்கித் தங்கும். அங்கேயே கம்பையோ சோளத்தையோ விதைப்பார்கள். மேலே சொன்ன அந்த இரண்டு வார இடைவெளியைத் தாண்ட, குழியில் தங்கிய ஈரம் உதவும். தரிசு என்று கைவிட்ட நிலங்கள் இப்படி மீண்டன. பக்கத்து நாடான நைஜரில் வயலில் தானாகத் துளிர்க்கும் மரக்கட்டைகளை வெட்டி எறியாமல் வளரவிட்டே, பல லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பி வந்திருக்கின்றன.

நெல் வயலில் எப்போதும் தண்ணீர் தேக்காமல், ஒருமுறை காயவிட்டு ஒருமுறை பாய்ச்சும் முறை இரண்டு வேலையைச் செய்கிறது. பாசன நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும். தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். விவசாயம் இந்த மாற்றத்தின் பலியாள் மட்டுமல்ல, வாயுக்களை வெளியிடுவதில் அதற்கும் பங்கு இருக்கிறது என்பதால் இது முக்கியம்.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு புதிய ரகத்தை ஒட்டுக்கலந்து, சோதித்து, விதையாகப் பெருக்கி வயலுக்குக் கொண்டுவரப் பொதுவாகப் பத்தாண்டுகள் ஆகின்றன. பத்தாண்டு முன்பிருந்த வெப்பத்துக்கு ஏற்பத் தொடங்கிய வேலை, முடியும்போது இன்னும் சூடான வயலில் வந்து நிற்கிறது. வெப்பம் ஏறும் வேகத்தை, அதாவது நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதைக் குறைத்தால்தான் ஆராய்ச்சியாளரும் விவசாயியும் அதற்கு ஈடுகொடுக்க முடியும். இன்று ஆலிவ் கன்றோ காபிக் கன்றோ நடும் ஒருவர், 2050-இல் தன் தோட்டத்துக் கோடை எப்படி இருக்கும் என்று இப்போதே தீர்மானித்து ரகத்தைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கோடை எவ்வளவு சூடாக இருக்கும் என்பதில் பெரும்பகுதி இன்னும் முடிவாகவில்லை.